சங்கு ஊதினால் சண்டை முடியும்

பூங்குழலிக்கு ஆறு வயது. அதற்குள் இரண்டு படைகளுக்குத் தளபதி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் அம்மா சோபனா கொண்டுவரும் தோல் துண்டுகள்தான் அவளுடைய வீரர்கள். பழுப்பு நம்ம ஆள், கறுப்பு எதிரி. செத்தவர்கள் பத்து எண்ணும் வரை கண்ணை மூடியிருந்தால் போதும், எழுந்துகொள்ளலாம். நடுவில் டீ பிரேக் உண்டு. சண்டை இப்படி இருந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நிஜச் சண்டை எல்லையில் நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் அப்பா வசந்த் சிப்பாய். நாலைந்து நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. சோபனாவுக்குச் சோறு இறங்கவில்லை. டிவியைப் போட்டால் பயம், போடாவிட்டால் அதைவிடப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. சோபனா எட்டுவதற்குள் மகள் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“இன்னாப்பா பண்ற?”

“உன்னத்தான் நெனச்சிக்கினு...”

அவன் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அபாயச் சங்கு நீளமாக அலறியது.

சோபனா போனைப் பிடுங்கப் பார்த்தாள். பூங்குழலியோ துள்ளிக் குதித்தாள். கம்பெனியில் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது, அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

“அப்பா, சங்கு ஊதிட்டாங்க! கெளம்பு, பஸ்ஸு போய்டும்!”

வசந்த் சிரித்தான். “ஆமா கண்ணு, இதோ கெளம்பிட்டேன்.” லைன் கட்டாகிவிட்டது.

தளபதி உடனே போரை முடித்தார். இரண்டு படைகளையும் ஒரே டப்பாவில் போட்டு மூடியாயிற்று. அப்பாவுக்குச் சோறு எடுத்து வை என்று அதிகாரம் வேறு. சோபனா எடுத்து வைத்தாள். வேறென்ன செய்வாள்? போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி அடித்தது. அவன் குரல்தான். சோபனா அழுதேவிட்டாள். மகளோ விசாரணையைத் தொடங்கினாள்.

“ஏம்ப்பா இன்னும் வரல?”

“வேல முடியல கண்ணு.”

“அதான் சங்கு ஊதிட்டாங்களே. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குக் கேக்கலியா?”

“அவங்களுக்குத் தனியா ஊதுவாங்கம்மா.”

“ஊதிட்டாங்களா?”

“ஊதிட்டாங்க.”

“ரெண்டு பக்கமும் ஊதியாச்சுன்னா, அப்ப யாருப்பா இன்னும் சுட்டுக்கினு இருக்காங்க?”

“அம்மாகிட்ட குடு” என்றான் வசந்த். சோபனா போனை வாங்கிக் காதில் வைத்தாள். குழந்தைக்கு என்ன சொல்வது என்று அவளைக் கேட்டான். அவள் எடுத்து வைத்திருந்த சோற்றை மூடி வைத்தாள்.