கிடா தின்ற கரை

என் மகள் றம்லாவுக்குக் கலியாணம் பேசியபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாப்பிள்ளைக்குக் கடைச் சாறனா? காத்தான்குடியில தறி வச்சிருக்கிற நான் நெய்து உடுத்துவன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் உம்மா சீனத்தும்மா துணியை நிமிண்டிப் பார்த்தே குற்றம் பிடிக்கிறவள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். உடுப்பை அவள் திருப்பியனுப்பினால் அவன் எங்கள் வாசல் ஏறமாட்டான்.

அது உலக யுத்த காலம், நூலுக்கும் கூப்பன். நாற்பதாம் நம்பர் நூல் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உடுத்தும் ஒரு சாறனுக்கு மட்டுமட்டாகத்தான் கிடைத்தது. சாயம் போட்டு, நெடுக்கு நூலான பாவை வீட்டு வளவில் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவிட்டேன். கஞ்சி குடித்த நூல்தான் தறியில் அறாமல் நிற்கும்.

அன்றைக்கென்று பார்த்து, வாவியில் வலை வீசும் ஆரையம்பதிக் கோணாமலை அண்ணன் கலியாண விருந்துக்கு நான் சொல்லிவைத்த கிடாவைக் கொண்டுவந்து வேலியில் கட்டினார். கயிறு நீளம். நான் உச்சிவேளை லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கஞ்சி ருசியில் பாவின் ஒரு கரையை நாலு விரல் அகலத்துக்கு அது மென்றிருக்கிறது! அறுந்த நூல்களை அண்ணன் பாவம் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார்.

"பயப்படாத தங்கச்சி. வலைக்குப் போடுற முடிச்சு. சுறா இழுத்தாலும் அவிழாது."

"யா அல்லா! என்ட தறிக்குச் சுறாவா வரப்போகுது? இந்த முடிச்சு அச்சுக்குள்ள போகுமா?"

போகவில்லை. தறியில் சீப்புப் போல் நிற்கும் அச்சின் பல்லிடுக்கால் நூல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். மிளகளவு முடிச்சுகள் அங்கே இடித்துப் படபடவென்று அறுந்தன. மாற்றிக் கட்ட ஓரிழை நூல் இல்லை. இருந்து அழுதேன். கிடாவை அதன் பரம்பரையோடு ஏசினேன். பிறகு மிச்சத்தை நெய்தேன்; பாவின் அகலம்தான் சாறனின் உயரம், அது நாலு விரல் குறைந்துபோனது. கரையில்லாத பக்கத்தை இடுப்பில் சுருட்டி மறைக்கலாம், குறைந்த உயரத்தை எங்கே மறைப்பது?

கலியாணத்துக்கு முதல் நாள் உடுப்புத் தட்டோடு நானே போனேன். மாப்பிள்ளை மீராசாஹிப் உடுத்திக்கொண்டு வந்து நின்றார். சாறன் கரண்டைக் காலுக்கு மேலே நின்றுவிட்டது. சீனத்தும்மா குனிந்து பார்த்துவிட்டு, சம்பந்தி முறையில் என்னை மச்சி என்றே கூப்பிட்டாள்.

"மச்சி, இந்தக் காலத்துப் பொடியன்மார்ர சாறன் தெருவக் கூட்டுது. கரண்டைக்கு மேல நிக்கணும் எண்டு மார்க்கம் சொல்லுது. அத நினைச்சு அளந்து நெய்திருக்கீங்க. உங்கட வீட்டுக்கு என்ட புள்ளைய அனுப்ப எனக்கு இனிப் பயமில்ல."

"ஓம் மச்சி" என்றேன். வேறென்ன சொல்ல? சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கோணாமலை அண்ணன் கிடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அறுக்கிறவர் வந்திட்டார் தங்கச்சி. இந்தக் கள்ளன இழுத்துட்டுப் போகட்டா?"

"கைய எடுங்க! மாப்பிள்ளைக்குச் சாறன் அளந்து தந்தவன் அவன். விருந்துக்குக் கோழி பிடிப்பம்."

சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த நாசமறுப்பான் என் முக்காட்டு நுனியைச் சப்பத் தொடங்கிவிட்டான்.