தீக்குச்சி நுழையாத பின்னல்

இரண்டரையா, மூன்றா... பின்னல் முறை போட்ட தாளில் இரண்டரை மில்லிமீட்டர் ஊசி என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் அதை எழுதியவளுக்கு இவோனெட்டியின் கையைப் பற்றி என்ன தெரியும், கருவாரு ஊர்ச் சந்தைக்குக் குரோஷே தரைவிரிப்பு பின்னிப் பின்னியே இளகிப்போன கை, உன் விரிப்பில் கோழிக்குஞ்சு புகுந்து வெளியே வரும் என்று ஊரே கேலி செய்கிற கை, அந்தக் கைக்கு இரண்டரையே பெரிதாகத்தானே இருக்க வேண்டும், பின்னே ஏன் இந்த ஆக்டோபஸின் கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது? தங்கை ஜுசேலியாவின் குழந்தை, மாதம் நிறையுமுன்னே அவசரப்பட்டு வந்துவிட்ட பொடிசு, கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறதாம், நூலில் பின்னிய ஆக்டோபஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அதன் சுருட்டைக் கால்களைத் தொப்புள்கொடி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளுமாம், குழாயை விட்டுவிடுமாம்... ஆனால் பின்னலில் தீக்குச்சி நுழையக் கூடாது என்றாள் நர்ஸ், நுழைந்தால் விரலும் நுழைந்து மாட்டிக்கொள்ளும். தீக்குச்சி அளவு விரல்!

மூன்றை எடுத்துப் பின்னினாள், அதுவும் விறைப்பு, இப்படி ஒரு காலை எந்தக் குழந்தை பிடிக்கும்? காப்பிக்கு வந்த பக்கத்து வீட்டு மர்லூசி அதைத் தட்டிப் பார்த்து, "ஏண்டி, ஆக்டோபஸ் பின்றியா, நாற்காலி செய்றியா?" என்றாள், சிரிப்பு வரவில்லை. கடையில் ஊசியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா, நூல்தான் சரியில்லையா... நூல் சுற்றிய ஆள்காட்டி விரலில் சிவப்பாய் ஒரு தடம், இவ்வளவு இறுக்கியா பிடித்திருக்கிறோம், எப்போதிருந்து? போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து ஜுசேலியா, எடுக்கவே பயம்.

"அக்கா, நல்ல சேதிதான், அழாதே! இன்னிக்குத் தானாவே சப்பிப் பால் குடிச்சுட்டா. உன்னை மாதிரியே பெருந்தீனி!"

"நான் எங்கடி அழறேன்..." என்று அழுதாள்.

அதே நூல், அதே மூன்று, புதிதாக ஒரு கால்... பெருந்தீனியாம், என்னை மாதிரியேவாம், சின்ன வயதில் அவள் பங்குக் கேக்கையும் தின்றதை இன்னும் மறக்கவில்லை கழுதை... கால் தானாகச் சுருண்டது, என்ன அழகு, தீக்குச்சியை வைத்துப் பார்த்தாள், சர்ரென்று உள்ளே போயிற்று. கோழிக்குஞ்சே புகுந்திருக்கும். அப்படியானால் கோளாறு ஊசியில் இல்லையா, இத்தனை நாளும் பின்னியது இந்தக் கை இல்லையா, பயமா? நாளைக்கு ஜுசேலியாவின் குரல் வேறு மாதிரி இருந்தால் அப்போது எந்த ஊசி... அதற்குத் தாளில் அளவு இல்லை. பின்னியதைப் பிரித்தாள், இரண்டரையை எடுத்தாள், பெருந்தீனி, பெருந்தீனி என்று சொல்லிக்கொண்டே முதல் கண்ணியைப் போட்டாள்.