பதினான்கு படிகளும் ஒரு கையும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் பல நாள் ஊறிக் கனிந்து வந்ததெல்லாம் இல்லை. நான் எழுதி ஏற்கனவே அச்சாகிவிட்ட முந்நூறு சொல் கதை ஒன்றுக்குத் திருத்தம் இது. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. பெரிய பொய்கூட இல்லை. ஒரு கையை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது அரசுச் செலவில் நடக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தில்.* வருஷக்கணக்கில் தீராத நோய், அதிலும் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டவர்கள் இங்கே வந்து மறுபடி நிற்க, நடக்க, சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறார்கள். நான் யாரையும் நடக்க வைப்பதில்லை. நடந்தவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஆண்டறிக்கையில் "வெற்றிக் கதைகள்" என்று வழவழ தாளில் ஆறு பக்கம் வருமே, அது என் கைவண்ணம். ஒப்பந்த வேலை. கண்காணிப்பாளர் மனசு வைத்தால் வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள்.

(* இந்தப் பெயரைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "விட்டு எத்தனை நாளாச்சு?" என்றார். நான் குடிப்பதே இல்லை என்றேன். "அதேதான், இந்த உறுதி இருக்கணும்" என்று இன்னொரு தட்டுத் தட்டினார்.)

2.

தொடக்கம் ஒன்று: "படிக்கட்டின் கீழே நின்றபோது அவர் கண்களில் ஓர் ஒளி—"

வேண்டாம். ஒளியெல்லாம் இல்லை. அன்று அவருக்கு இமையில் கட்டி.

தொடக்கம் இரண்டு: "வாழ்க்கை என்பதே ஒரு படிக்கட்டு—"

சீ. ஆண்டறிக்கைப் பழக்கம், கை தன்னால் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

தொடக்கம் மூன்று: ஓர் அம்மாவுக்குக் காலையில் கக்கூஸ் போக வேண்டும்.

இதையே வைத்துக்கொள்வோம், கதை இதுதான். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்துவிடலாம். ஆண்டறிக்கை வரவேற்பறையில் இலவசமாகக் கிடைக்கிறது.

3.

அவரை மையத்தில் எல்லோரும் கேக் அக்கா என்போம். இருபது வருஷம் பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதியவர். முதலில் விரல் மரத்தது, நரம்பு நோய் என்றார்கள். அதற்கு முன்பே சர்க்கரை. அதற்கும் முன்பே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. மூட்டு வலி கடைசியாக வந்து சேர்ந்தது. எங்கள் படிவத்தில் "நோய்" என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு.

"இதுல ஏதாவது ஒண்ணுதான் எழுத முடியும்மா. எது வேணும்?" என்றார் பதிவு மேசைக்காரர்.

"எதுவுமே வேணாம்னுதான் இங்க வந்திருக்கேன்" என்றார் அக்கா.

அக்கா குடியிருப்பது ஒரு மாடிப் போர்ஷனில். கக்கூஸ் கீழே. நடுவில் பதினான்கு படி. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குத்தான் திரும்புவார். அந்த மூன்றரை மணி நேரமும் அக்கா அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்காக முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். தண்ணீர் குடிப்பதில்லை என்று சர்க்கரை டாக்டர் திட்டுவார். இதற்கு என்ன மாத்திரை என்று யாரும் சொல்லவில்லை.

"உங்க இலக்கு என்னக்கா?" என்று கேட்டவர் பிசியோ. இங்கே நிஜமாகவே ஆட்களை நடக்க வைக்கிற பெண், அக்காவைவிட இருபது வயது சின்னவர்.

"காலைல நானா கீழ எறங்கி கக்கூஸ் போய்ட்டு, நானா மேல ஏறி வரணும். வேற ஒண்ணும் வேணாம்மா."

பிசியோ அப்படியே எழுதினார். மேலே போன கோப்பு திரும்பி வந்தது. சொல் நாகரிகமாக இல்லையாம். கண்காணிப்பாளர் அதை அடித்து, "சமூகப் பங்கேற்பை மேம்படுத்துதல்" என்று திருத்தியிருந்தார். அக்கா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டார்.

"அங்க நான் தனியாத்தானே சார் போகப் போறேன், சமூகம் எதுக்கு?"

4.

[நான்காம் பகுதி கண்காணிப்பாளரைப் பற்றியது. மனுஷரை நன்றாகவே காய்ச்சியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அறுபது பேருக்கு இடமுள்ள மையத்தில் சேரக் காத்திருக்கும் நானூறு பேரின் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தினமும் அதன் மேல் டீ குடிக்கிறவர். ஒருவரை வெளியே அனுப்பினால்தான் இன்னொருவரை உள்ளே எடுக்க முடியும். கதைக்கு வில்லன் கட்டாயம் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.]

5.

பத்தாவது வாரம். எங்கள் மையத்து மாடிப்படியும் பதினான்கு படிதான். பிசியோ அக்காவின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நான் மேலே கேமராவோடு நின்றேன்.

ஒவ்வொரு படிக்கும் அக்கா திரும்பிப் பார்க்காமல் கேட்டார், "விட்டுடலையேம்மா?"

"விடலக்கா."

அடுத்த படி. "விட்டுடலையே?"

"விடலக்கா, ஏறுங்க."

ஒன்பதாவது படியில் முழங்கால் மடங்கிவிட்டது. முழு எடையும் பிசியோவின் ஒரு கையில். பிசியோ பதறாமல் அக்காவை அந்தப் படியிலேயே உட்கார வைத்தார். பன்னிரண்டாவதில் மறுபடி ஓர் உட்காரல். மொத்தம் பதினோரு நிமிஷம். மேலே வந்ததும் அக்கா, "இருங்க தம்பி, முடியைச் சரி பண்ணிக்கிறேன்" என்றுவிட்டுத்தான் போட்டோவுக்கு நின்றார். அப்புறம் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

போட்டோவில் பிசியோவின் கை விழுந்திருந்தது. "கை மட்டும் தனியாத் தெரியுது, நல்லாவா இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர். கத்தரித்தோம்.

கதை முந்நூற்றெட்டுச் சொல் வந்திருந்தது. எட்டு அதிகம். நான் எழுதியிருந்தது இது: "பிசியோ இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து விடாமல் பிடித்திருக்க, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து, பதினான்கு படிகளையும் ஏறினார்." முதல் பத்துச் சொல்லை எடுத்துவிட்டு, "யார் துணையுமின்றி" என்று இரண்டு சொல் போட்டேன். கணக்குச் சரியாகிவிட்டது. வாக்கியமும் முன்னைவிட அழகாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல் அதில்தான்.

6.

யாருக்குப் பயிற்சியை நீட்டிப்பது, யாருக்கு நிறுத்துவது என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. அக்காவின் கோப்பு நூற்று நாற்பது பக்கம். என் கதை ஒரு பக்கம், போட்டோவோடு. நீங்களாக இருந்தால் எதைப் படிப்பீர்கள்?

கடிதம் வந்தது. "மகிழ்ச்சியுடன் தெரிவிப்பது என்னவென்றால், தங்கள் இலக்கு எட்டப்பட்டுவிட்டதால் பயிற்சி இந்த மாதத்துடன் நிறைவடைகிறது. சான்று: ஆண்டறிக்கை, பக்கம் நான்கு." அந்த நான்காம் பக்கம் என்னுடையது.

அக்கா கடிதத்தையும் அறிக்கையையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இந்தப் படத்துல இருக்கிறது யாரு?"

"நீங்கதான்கா."

"நல்லாத்தான் இருக்கா. இவளை எங்க வீட்டுக்கு அனுப்புங்களேன். காலைல எனக்குப் பதிலா இவளைக் கீழ அனுப்பிக்கிறேன்."

நான் அறிக்கையை மூடி வைத்தேன்.

"கேக்ல தப்பா எழுதிட்டேன்னா கத்தியால வழிச்சு எடுத்துட்டு மறுபடி எழுதிக் கொடுப்பேன். நீங்க எழுதினதை வழிக்க முடியாதா?"

"அச்சாயிடுச்சுக்கா."

"இப்பத்தான் கால் என் பேச்சைக் கொஞ்சம் கேட்க ஆரம்பிச்சிருக்கு. நிறுத்திட்டா பழையபடி கட்டையாப் போயிடும்னு அந்தப் பொண்ணே சொல்லுது. இன்னும் மூணு மாசம் பிடிச்சாப் போதும், தனியா ஏறிடுவேனாம்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

7.

மேல்முறையீடு உண்டு. குழுவின் முன்னால் அதே பதினான்கு படியை மறுபடி ஏறிக் காட்ட வேண்டும். தனியாக ஏறிவிட்டால் பயிற்சி முடிந்தது. துணையோடு ஏறினால் பயிற்சி தொடரும். ஏறவே மாட்டேன் என்றால் "ஒத்துழைக்கவில்லை", அதற்கு மட்டும் தனிக் கட்டம் இருக்கிறது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். பிசியோ பிடிக்கக்கூடாது, அவர் சம்பந்தப்பட்டவர். கணவருக்கு அந்த நேரம் வேன். பக்கத்து வீட்டம்மாவுக்கே இடுப்பு வலி.

"நீங்க பிடிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டார் அக்கா. சரி என்றேன். என்னைக் கேட்டால் எதற்கும் சரி என்றுதான் சொல்வேன்.

நேற்று கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். "தாராளமாப் பிடிங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா 'யார் துணையுமின்றி'னு எழுதின ஆளே வந்து பெல்ட்டைப் பிடிச்சா, எழுதினது பொய்னு ஆயிடும். பொய் எழுதினவரோட ஒப்பந்தத்தை நான் எப்படிப் புதுப்பிக்கிறது? நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்விதான். அதனால் நான் வழக்கம்போல உட்கார்ந்து கதைக்கு முடிவுகள் எழுத ஆரம்பித்தேன்.

முடிவு அ: எல்லோரும் பார்ப்பதில் அக்காவுக்கு ரோஷம் வந்து தனியாகவே ஏறிவிடுகிறார். குழு எழுந்து நின்று கைதட்டுகிறது. மறுநாள் காலை வீட்டில், ஆறேகால் மணிக்கு, ஒன்பதாவது படியில்— இல்லை. இதை எழுத மாட்டேன்.

முடிவு ஆ: இங்கேயே விழுந்துவிடுகிறார். பயிற்சி நீட்டிக்கப்படுகிறது. கூடவே ஐந்தாவதாக ஓர் எலும்பு முறிவு. கட்டம் என்னவோ ஒன்றுதான்.

முடிவு இ: குழுத் தலைவருக்குத் திடீரென்று வயிற்றைக் கலக்குகிறது. மாடிக் கழிப்பறை பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் ஒன்பதரைக்குத்தான் வருவார். தலைவர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்... (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. சத்தியமாக நடக்காது.)

மூன்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவதற்கு வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும். நான் ஏறினா நல்லதா தம்பி, விழுந்தா நல்லதா?"

8.

இப்போது காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, பழைய ஆண்டறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா ஏழு மணிக்கே வந்துவிட்டார். கணவர் பள்ளிக்கூட வேனிலேயே, புத்தகப் பைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதே வேகத்தில் போய்விட்டார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அக்கா தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது.

"என்ன தம்பி, வந்ததுலேர்ந்து எழுதிக்கிட்டே இருக்கீங்க?"

"உங்க கதைதான்கா. இந்தத் தடவை கையைச் சேர்த்துட்டேன்."

"பேப்பர்ல சேர்த்து நான் என்ன பண்றது?"

கூப்பிட்டுவிட்டார்கள். குழு மாடியில், படி முடிகிற இடத்தில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் கண்காணிப்பாளர், கையில் படிவம். பிசியோ பெல்ட்டைக் கட்டி இறுக்கிவிட்டு, விதிப்படி நாலடி தள்ளிப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். என்னைத்தான் பார்க்கிறார். நான் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெட்கமே இல்லாமல்.

வாசகரே, "பிடித்துக்கொண்டேன்" என்று இங்கே எழுதிவிடலாம். ஒரே ஒரு சொல். ஆனால் இதே படிக்கட்டில் நடந்ததை ஏற்கனவே ஒரு தடவை நான் மாற்றி எழுதியிருக்கிறேன், நீங்களும் படித்தீர்கள். அதனால் அப்படி எழுதியிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். இதற்குப் பிறகு தாள் காலியாக இருந்தால், என் கை வேறு வேலையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேசாமல் மேலே போய்க் குழுவோடு நின்றுகொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் தாள் ஒரே மாதிரிதான் காலியாக இருக்கும். அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியது இனி நீங்கள்தான்.

முதல் படியில் கால் வைத்துவிட்டார். திரும்பிப் பார்க்காமல் கேட்கிறார்:

"தம்பி, விட்டுடலையே?"