தண்டபாணி மேல் படியும் சுண்ணாம்பு

கச்சிபௌலியில் ஓர் அடுக்ககத்தின் கழிவுநீர்க் குழாய்களில் படிய வேண்டிய சுண்ணாம்பு, போன கோடையிலிருந்து தண்டபாணியின் மேல் படிகிறது. முதலில் வலது முழங்கை வெளுத்தது. தோல் வியாதி என்று களிம்பு தடவினார். மழைக்காலத்தில் கை மடங்கவில்லை. தட்டினால் டங்கென்றது.

அவர் ரசாயனப் பொறியாளர். சுத்திகரித்த கழிவுநீரைக் கழிப்பறைகளுக்கு ஏற்றும் குழாய்கள் அடைத்துக்கொண்டபோது, குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, "என் கணக்குப்படி இங்க சுண்ணாம்பு படியவே முடியாது" என்று முழங்கியவர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நேரே கீழே இறங்கிப்போய், சுத்திகரிப்புத் தொட்டியோரம் நின்று, அதன் ஆபரேட்டர் சலீமைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் குழாய்கள் பளபளத்தன. சூடான இடத்தைத் தேடித்தான் சுண்ணாம்பு படியும் என்பதைக் கல்லூரியில் படித்து முதல் வகுப்பில் தேறியவர் அவர். அங்கே தம் கோபத்தைவிடச் சூடான பொருள் வேறில்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. கணக்கு சரிதான், கணக்குப் போட்டவரைச் சேர்க்காததுதான் பிழை என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார்.

மனைவி வேதவல்லி புளிக்கரைசலில் கையை ஊறவைத்தாள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. "இனி அந்தப் பக்கம் போனீங்க, நான் மதுரைக்கு ரயிலேறிருவேன்" என்றாள். அவரும் போகவில்லை. குழாய்கள் மறுபடி அடைத்து, தொட்டி வழிந்து, தண்ணீர் தரைத்தளத்து சபீனாவின் வீட்டுக்குள் புகுந்தது. அவள் கைக்குழந்தையோடு தண்டபாணியின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, கட்டில் கால் நனையுது. பாப்பாவ எங்க படுக்கவைக்க?"

வேதவல்லி குழந்தையை வாங்கிக்கொண்டு கணவரிடம், "போயிட்டு வாங்க" என்றாள்.

போனார். கோபம்தான் வரவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சலீம் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்தில் வந்த கோபம், வேண்டிய அன்று விடுப்பு எடுத்துக்கொண்டது.

"திட்டுங்க சார்" என்றான் சலீம்.

"வரலப்பா."

சலீம் சற்று யோசித்தான். "உங்க கணக்கே தப்பு சார்."

"எவன்டா சொன்னான்?" என்று தண்டபாணி கத்திய கத்தலில் குழாய்கள் சடசடவென்று திறந்துகொண்டன. தோள்வரை வெள்ளையாக, கை நீட்டியபடியே படியேறி வந்தார். வேதவல்லி ரயிலேறவில்லை, அண்டாவை எடுத்துவைத்தாள்.

இப்போது குடிவர நினைப்பவர்களுக்கு லிஃப்ட், ஜெனரேட்டர், தண்டபாணி என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். அவர்கள் தலையாட்டிவிட்டு, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிறார்கள்.