எட்டாம் மேசைக்குப் போன தட்டு

அந்த ஓட்டலில் பரிமாறுகிறவரை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கையில் நான்கு தட்டு ஏந்துவார். எந்தத் தட்டையும் மேசையில் வைக்கும் முன் தோளில் கிடக்கும் துணியால் அதன் விளிம்பை ஒரு சுற்று துடைத்துவிட்டுத்தான் வைப்பார். அந்தச் சுத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சமையல்கட்டு அவருடைய அண்ணியின் ராஜ்ஜியம். அண்ணன் முதலாளி என்று பெயர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நிற்க இடமில்லாத நேரத்தில், எட்டாம் மேசையில் ஒரு அம்மாவும் ஏழு வயது மகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

"பாப்பாவுக்கு வேர்க்கடலை ஆகாது" என்றாள் அந்த அம்மா. "துளி உள்ள போனாலும் தொண்டை அடைச்சுரும். ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கேன். இவ ஓட்டல்ல ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்ல. இன்னிக்குப் பிறந்தநாள், கேட்டுட்டா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"அதெல்லாம் பாத்துக்கறோம்மா" என்றார் மின்னல், வழக்கமான குரலில். உள்ளே போய், "எட்டுக்குக் கடலை இல்லாம ஒரு சோறு" என்றார்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "பிடிக்காதா, ஆகாதா?"

"ஆகாதாம். தொண்டை அடைச்சுருமாம்."

அன்றைய கூட்டத்தில் பாதிப் பேர் கேட்டது வேர்க்கடலை அரைத்து விட்ட கோழிக் குழம்பு. அண்ணி அந்த அடுப்பை அணைத்தே விட்டாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மேலங்கியை மாற்றினாள். பரணிலிருந்து வேறொரு சட்டியை இறக்கித் தேய்த்தாள். புது எண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அதில் இருந்த பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வரி விடாமல் படித்தாள். வெளியே ஆறு மேசைகள் முணுமுணுத்தன. ஆபரேஷனா பண்ணப் போகிறாள் என்று மின்னல் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். முட்டையும் காரட்டும் போட்ட ஒரு கிண்ணம் சோற்றுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

தட்டை வாங்கிக்கொண்டு பறந்தார். எட்டாம் மேசை முன்னால் நின்று, விளிம்பை ஒரு சுற்று துடைத்து, குழந்தை முன்னால் வைத்தார். துணியைத் திரும்பத் தோளில் போடும்போது அதில் பழுப்பாக ஒரு தீற்றல் கண்ணில் பட்டது. கோழிக் குழம்பு. காலையிலிருந்து அத்தனை தட்டையும் அந்தத் துணியால்தான் துடைத்திருக்கிறார்.

குழந்தையின் கரண்டியில் சோறு ஏறிவிட்டது. கரண்டியைப் பிடுங்கினார், தட்டையும் இழுத்துக்கொண்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சூடாக இருக்கிறது, ஆற வைத்துத் தருகிறேன் என்று சமாளிக்கலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்மா. கடலைக் குழம்பு பட்ட துணியால இதைத் துடைச்சுட்டேன். பாப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிடுங்க."

அந்த அம்மா மகளைத் தூக்கினாள், பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சமையல்கட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் போய் நின்றார். அண்ணி தட்டைப் பார்த்தாள், அவர் தோளைப் பார்த்தாள்.

"வாயில போச்சா?"

"இல்ல அண்ணி."

சோற்றைக் குப்பையில் கொட்டினாள். மறுபடியும் முழங்கை வரை சோப்பு. மறுபடியும் சட்டியைத் தேய்த்தாள். சற்று முன் படித்த அதே பொட்டலத்தை முதல் தடவை பார்ப்பவள் மாதிரி மறுபடியும் படித்தாள். மின்னலுக்கு உடம்பு சிலிர்த்தது. பத்தொன்பது வருஷமாக இவளை இந்த அடுப்பு முன்னால் பார்க்கிறார், இவள் யாரென்று இன்றுதான் தெரிந்தது. பெயர்கூடத் தெரியாத ஒரு பிள்ளையின் மூச்சு தன் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை என்பது போல வெங்காயம் நறுக்கினாள்.

"சட்டையை மாத்தி, கையைக் கழுவிட்டு, மேசையைப் புதுத் தாளால தொடச்சுட்டு வாங்க, கொழுந்தனாரே. நீங்களேதான் கொண்டு போகணும்."

"நானா? வேற யாரையாவது..."

"இனிமே இந்தத் தட்டை உங்களைவிடப் பத்திரமா யாரு கொண்டு போவா?"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். மேசையைத் துடைக்கப் போனபோது அங்கே யாரும் இல்லை, இப்போதும் காலி நாற்காலியைத்தான் எதிர்பார்த்தார். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போயிருப்பீங்கன்னு நெனச்சேன்மா."

"நீங்க பாத்துக்கறோம்னு சொன்னப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும், பிறந்தநாளாச்சேன்னு உக்காந்துட்டேன்" என்றாள் அவள். "எல்லா ஓட்டல்லயும் அதைத்தான் சொல்றாங்க. தட்டைத் திரும்ப எடுத்தீங்க பாருங்க, அப்புறந்தான் நம்பிச் சாப்பிட விடலாம்னு தோணுச்சு."

குழந்தை முதல் வாயை மென்று விழுங்கியது. அம்மாவின் பார்வை அந்தச் சின்னத் தொண்டையை விட்டு நகரவில்லை. மூன்றாம் மேசை தண்ணீர் கேட்டுக் கத்தியது. மின்னலின் காதில் விழவில்லை. லட்சம் தட்டு பரிமாறியிருப்பார். ஒரு வாய் சோறு உள்ளே இறங்குவதை அன்றுதான் பார்த்தார்.

தட்டு பாதி காலியானது. நேரம் போனது. குழந்தை காலை ஆட்டிக்கொண்டு தின்றது. அப்போதுதான் அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்தாள்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க" என்றாள். "நானும் வெளியில சாப்பிட்டு ஏழு வருஷமாச்சு."