நான்கு கால் சக்களத்தி

கிணறுகள் அமைச்சரின் நாற்காலி, அவர் பதவியேற்ற சில வாரங்களில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு, அவர் பின்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்தது. மொகதிஷுவில் அந்த வாரம் ஒட்டகப் பால் விலை ஏறியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. சோதனைச் சாவடியில் கொடி கட்டிய காரை விட்டு அமைச்சர் இறங்கியதும், சிப்பாய்கள் நாற்காலியை நிறுத்தி, அடியில் கண்ணாடி நீட்டிப் பார்த்து, மெத்தையைத் தட்டிப் பார்த்து, குண்டு ஏதும் இல்லை என்று தெரிந்ததும் போகவிட்டார்கள். சந்திலிருந்த ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. வாசலில் தேநீருக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்த அமைச்சரின் மனைவி அம்பரோ நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் புருஷன் ஷீரே, பின்னால் நாற்காலி. படியேறும்போது அது புதுப்பெண் மாதிரி ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பார்த்ததுமே அவளுக்கு வயிறு எரிந்தது.

"யாரு இவ?" என்று கேட்டாள்.

"நாற்காலி," என்றார் ஷீரே. "நான் கூப்பிடல அம்பரோ. தானா வருது."

"எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்றான்."

இத்தாலியர் காலத்துத் தேக்கு நாற்காலி அது. உள்நாட்டுச் சண்டையில் அமைச்சகத்தின் கதவு, ஜன்னல், சுவருக்குள் ஓடிய கம்பி வரை எல்லாம் கொள்ளை போயும் அது மட்டும் தப்பியது. தூக்கிப் போக வந்தவர்கள் முதலில் உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்தவன் எழ மறுக்க, நிற்பவன் சுட, மிச்சமிருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கூரையில்லாத கட்டடத்தில் வெள்ளாடுகளோடு மழையில் நனைந்துகொண்டு அது அரசாங்கம் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தது. இப்படிக் காத்திருந்தவளிடம் எந்த ஆணுக்குத்தான் மனம் இளகாது என்பது அம்பரோவின் கட்சி.

அவள் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமலில்லை. சண்டை நடந்த வருஷங்களில் ஷீரே ஒருநாள்கூட அவளை விட்டுப் பிரிந்ததில்லை. பூகோள வாத்தியாராக இருந்தவர், பள்ளிக்கூடம் இடிந்த பிறகு கழுதை வண்டியில் தண்ணீர் விற்றார். பீப்பாய் மேல் அவள் உட்கார்ந்துகொள்வாள். குண்டு விழும்போது இருவரும் ஒரே கட்டிலின் அடியில் படுத்துக்கொள்வார்கள். அவள் பயத்தை மறக்கட்டும் என்று அவர் அவள் காதில் உலகத்து ஆறுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு சமாதானம் வந்தது, கூட்டாட்சி வந்தது. பதவிகளைக் குலங்களுக்குப் பங்கு போட்டார்கள். அவர்கள் குலத்துக்குக் கிடைத்த ஒரே பதவிக்கு இரண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கு நின்றார்கள். ஒரு விடுதியில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் வாழைப்பழமும் சோறும் ஆட்டிறைச்சியும் தின்று பேசியும் முடியாமல், கடைசியில் எதிரி என்று யாருமே இல்லாத ஷீரேயின் தலையில் கட்டினார்கள். அதிர்ஷ்டம் என்றது ஊர். அம்பரோ மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

நாற்காலி படுக்கையறையில் ஜன்னலோரம் இடம் பிடித்தது. ஷீரே அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார், உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அம்பரோ பள்ளிவாசல் ஷேக்கிடம் போய் நியாயம் கேட்டாள். நாற்காலியை நிக்காஹ் செய்ய முடியாது என்றும், ஆனாலும் மூத்தாளுக்கு ஒரு நாள், இளையாளுக்கு ஒரு நாள் என்று நேர்மையாக நடந்துகொள்வதில் குற்றமில்லை என்றும் ஷேக் சொன்னார். அன்றுமுதல் நாள் முறை வைத்தார்கள். அம்பரோவின் நாளில் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அது மரியாதைக்கா, அலட்சியத்துக்கா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாள் அதன் மெத்தையில் தன்னுடைய சாம்பிராணி வாசனை அடித்தபோது கொதிக்கும் தேநீரை அதன்மேல் ஊற்றினாள். மறுநாள் ஷீரே அதற்கு ஒரு பூப்போட்ட துணி வாங்கிவந்தார். அம்பரோ அதைப் பக்காரா சந்தையில் ஒரு மரச்சாமான் வியாபாரியிடம் விற்றுத் தள்ளிவிட்டாள். அவள் வீடு திரும்புவதற்குள் அது திரும்பியிருந்தது.

பக்கத்து வீட்டு ஏப்லாவுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "கொடுத்து வெச்சவக்கா நீ," என்றாள். "சமைக்கச் சொல்லாத சக்களத்தி யாருக்குக் கிடைப்பா?"

"பேசறவளா இருந்தா தலைமுடியப் புடிச்சு இழுத்திருப்பேன். இவகிட்ட எதடி புடிக்கறது?"

அம்பரோ முந்தைய கிணறுகள் அமைச்சரின் மனைவி முராயோவைத் தேடிப்போனாள். முராயோ எள்ளெண்ணெய் விட்டு அஞ்சேரோ தோசை சுட்டுப்போட்டு, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

"எங்க வீட்டுலயும் ஒரு வருஷம் இருந்தா அந்த மூதேவி. நீ ஒண்ணும் பண்ணாத. பாராளுமன்றத்துல கை தூக்குனா தன்னால போயிடுவா."

"உன் வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாரா?"

"உள்ளதான் இருக்காரு," என்றாள் முராயோ. காற்றில் திரைச்சீலை விலகியபோது அம்பரோ உள்ளே இரண்டு பாதங்களைப் பார்த்தாள். அவை தரையைத் தொடவில்லை. கட்டில் உயரம்போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷீரே நல்ல அமைச்சராகத்தான் இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சண்டையில் பிணங்கள் போட்டு மூடிய கிணறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எலும்புகளை அடக்கம் செய்து, ஊற்று வரும்வரை பக்கத்திலேயே நின்றார். அவர்கள் தெருக் கிணறு ஆள் உயரத்துக்குமேல் தோண்டியாகி, ஈர மண் வர ஆரம்பித்திருந்தது. அம்பரோவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒரு கல்யாணத்தில், பெண்கள் மேளம் தட்டி வட்டமாக நின்று பாடும் நேரத்தில், தன் முறை வந்ததும் நடுவில் போய் நின்று இட்டுக்கட்டிப் பாடினாள்.

கிணத்துக்கெல்லாம் ராசாவாம், கொடி பறக்கும் காராம்,
கட்டினவ குடத்துக்குள்ளே காத்து மட்டும் வாழுதாம்.

அந்த நாட்டில் துப்பாக்கிக்குத் தப்பியவர்கள் உண்டு, பாட்டுக்குத் தப்பியவர்கள் குறைவு. மறுநாள் அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. தேநீர்க் கடைகளில் பாடினார்கள், போதைக்குக் காத் இலை மெல்லும் இடங்களில் பாடினார்கள். அமைச்சர் பெண்டாட்டியே சொல்கிறாள், இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். பதவி கிடைக்காத அந்த இரண்டு பெரிய மனிதர்களும் முதன்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்து ஆள் சேர்த்தார்கள். பாராளுமன்றத்தில் ஷீரேயை நீக்கக் கைகள் உயர்ந்தன. அன்று மாலை நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து, பூப்போட்ட துணியை உதறிப் போட்டுவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி, இரண்டு பேரில் மூத்தவருடைய வீட்டை நோக்கி நடந்தது. தெருக் கிணற்று வேலை அதே நாளில் நின்றது. அம்பரோ அந்தத் துணியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, ஏலக்காயும் பட்டையும் கூடுதலாகத் தட்டித் தேநீர் போட்டு, இருவருக்குமாகப் பாயை விரித்தாள்.

ஷீரே வந்து உட்கார்ந்தார். பாயில் அல்ல. பாய்க்கு மேலே, நாற்காலி இருந்திருந்தால் எந்த உயரத்தில் இருப்பாரோ அந்த உயரத்தில், வெறும் காற்றில் சாய்ந்து உட்கார்ந்தார். வலது கை, கைப்பிடி இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அம்பரோ அவர் முழங்காலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தோளை அமுக்கினாள். மடியில் ஏறிக்கூட உட்கார்ந்து பார்த்தாள். அவர் ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை.

"எறங்கு ஷீரே. அவ போயிட்டா."

"யாரு?" என்றார் அவர். பிறகு, கோபமே இல்லாத குரலில், "பாட்டு நல்லா இருந்துச்சு அம்பரோ. அந்தக் குடம், காத்து... உன்னத் தவிர யாருக்கும் வராது," என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சண்டை என்னிடம் விட்டுவைத்தவனைச் சமாதானம் கொண்டுபோயிற்று, மிச்சத்தை நானே கொடுத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஏப்லா வந்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, "முராயோ வீட்டுலயும் இப்படித்தான், அவ வீட்டுக்காரருக்கு முன்னால இருந்தவர் வீட்டுலயும் இப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது ஊருக்கு அது பழகிவிட்டது. தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ள வருகிறவர்கள் ஷீரேயை இன்னமும் அமைச்சர் என்றுதான் அழைக்கிறார்கள். பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பேசிவிட்டுப் போகிறார்கள். காலையில் அம்பரோ அவர் கால்களுக்கு அடியில் பெருக்குகிறாள், அவர் மரியாதையாகக் காலைத் தூக்கிக்கொள்கிறார். சில மாலைகளில் அவள் கேட்காமலே அவர் ஆறுகளின் பெயர்களைச் சொல்கிறார், அவள் நின்றுகொண்டே கேட்கிறாள். பாயில் வைத்தால் தேநீர் அவருக்கு எட்டுவதில்லை என்பதால் அந்த உயரத்துக்கு ஒரு முக்காலி செய்து வாங்கியிருக்கிறாள். சாதாரண மரம்தான், மெத்தை கிடையாது. அவர் குடித்து முடித்ததும் அதை உடனே எடுத்துக்கொண்டு போய், அடுப்படி ஜன்னல் கம்பியில், ஒட்டகம் கட்டும் கயிற்றால், மூன்று காலையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவைக்கிறாள்.