மூன்று விரல்களின் நட்டஈடு

கம்சாயினி இடது கையால் தேநீர்க் கோப்பையை நீட்டியதும், சீதேவிப்பிள்ளை அதை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நல்ல காரியம் பேச வந்த இடத்தில இடக்கையாலயா புள்ள தாற?"

கம்சாயினி கோப்பையை மேசையில் வைத்தாள். வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சியிருந்தன. அரசாங்க ஆஸ்பத்திரியில் சுகாதாரத் தொழிலாளியான அவளது மற்ற மூன்று விரல்களையும் போன வைகாசியில் சலவை இயந்திரம் நசுக்கிவிட்டது. அப்போது அவளுக்கும் உதயரூபனுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. கட்டுப்போட்ட கையை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போன அவன் தாய் சீதேவிப்பிள்ளை, மறுவாரமே ஆள் அனுப்பிப் பேச்சை முறித்துக்கொண்டாள்.

இப்போது, ஏழு மாதம் கழித்து, மகனையும் கூட்டிக்கொண்டு கம்சாயினியின் ஊரான தேற்றாத்தீவுக்கு வந்திருக்கிறாள். நட்டஈட்டுக் கடிதம் வந்த செய்தி அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உழைக்கும் திறனில் முப்பது வீதம் இழப்பு என்று வைத்தியர்கள் எழுதியதையும் சம்பளத்தையும் வைத்துக் கணித்து, ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் என்று நட்டஈட்டு அலுவலகம் அறிவித்திருந்தது.

"சீதனமாப் பேசின வீடும் வளவும் அப்படியே இரிக்கட்டும் அண்ணன்," என்றாள் அவள், கம்சாயினியின் தகப்பன் அழகரத்தினத்திடம். "குறையுள்ள புள்ளைய நாங்க எடுக்கிறம். அந்தக் குறைக்குத்தானே கெவுமென்ட் காசு தருது? அது என்ட மகனுக்குச் சேர வேண்டியது."

உதயரூபன் குனிந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான்.

அழகரத்தினம் வாவியில் வலை வீசிப் பிழைப்பவர். மகளுக்கு முப்பது வயதாகப்போகிறது என்பதே அவருடைய பயம். உள்ளே போய், காசை எந்தக் கணக்கில் போடுவது என்று அலுவலகம் கேட்டிருந்த படிவத்தை எடுத்து வந்தார். தன் கணக்கு இலக்கத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்.

"ஒரு கையெழுத்துத்தான் மகள். ஒன்ட நன்மைக்குத்தான் சொல்றன்."

கம்சாயினி அதை முழுவதும் வாசித்தாள்.

"இந்தக் கணக்கைப் போட முன்ன ஒபிசில என்னட்ட எத்தினை கேள்வி கேட்டாங்க தெரியுமா அப்பா? சோறு பிசைய ஏலுமா, தலை பின்ன ஏலுமா, வாளி தூக்க ஏலுமா, இரவையில நோகுதா எண்டு கேட்டாங்க."

சீதேவிப்பிள்ளையிடம் திரும்பினாள். "நீங்க எவ்வளவு எண்டு மட்டும்தான் கேட்டீங்க மாமி."

தகப்பனின் இலக்கத்தை வெட்டிவிட்டுத் தன் இலக்கத்தை எழுதினாள். கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

"வாய் மட்டும் குறையில்ல!" என்று சீதேவிப்பிள்ளை எழுந்தாள். "இனி ஆர் வாறாங்க எண்டு பாப்பம்." உதயரூபன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தாயின் பின்னால் போனான்.

அழகரத்தினம் அன்றிலிருந்து மகளோடு பேசவில்லை. ஏழு மாதமாக "பாவம் புள்ள" என்று சொன்ன தெரு, பொழுது படுவதற்குள் "திமிர் புடிச்சவள்" என்று சொல்லத் தொடங்கியது.

இலேசான வேலைக்குத் திரும்பலாம் என்று வைத்தியர் எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை, சீருடையை உடுத்திக்கொண்டு, அந்தத் தெருவின் நடுவால் அவள் வேலைக்கு நடந்து போனாள்.